விழுந்த இடமும் எழுதிய கையும்

ரூ லூயி-பிளாங், பாரிஸ் 10
12 நவம்பர் 2024

சுபாஷினி அவர்களுக்கு,

பொன்னம்பலம் எழுதுகிறேன். உங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு முறை எழுதினேன், இரண்டும் திரும்பி வந்தன. திருச்சி விலாசம் உங்கள் பழைய வேலை ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் தபால்.

சுகம் விசாரிக்க எழுதவில்லை. தொழில் விஷயம். பியர்ஃபித்தில் அற்புதராணியின் கடையில் குளிர் அறையைக் கண்காணிக்கும் எங்கள் கணினிப் பெட்டி போன மாதம் மறுபடி விழுந்துவிட்டது. அதன் அடிநிரலான கேர்னல் நின்று, திரை கறுத்து, இரண்டு வருடத்துக்கு முன்னர் நடந்தது போலவே. இந்த முறை குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் மீன் தப்பியது. முதல் முறை இயந்திரமும் நின்றது, பெட்டியும் விழுந்தது, அவருடைய தொலைபேசிக்கு எச்சரிக்கை போகவில்லை. சனி தொடங்கித் திங்கள் வரை எல்லாம் அழுகிக் கிடந்தது. எச்சரிக்கை அனுப்பும் நிரல் பகுதியை எழுதியவர் நீங்கள். பெட்டி விழும்போது கேர்னல் பதிந்துவைத்த பிழைத் தாளில் உங்கள் பகுதியின் பெயர் இருந்தது. அதை வாசித்தேன், வாசித்ததை அறிக்கையாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். இல்லாத ஒன்றை எழுதவில்லை.

பிறகு உங்கள் பகுதியை முழுதாக எடுத்துவிட்டு எங்கள் பொடியன் ரோமன் புதிதாக எழுதினான். இப்போது பிழைத் தாளில் ரோமனின் பகுதி இருக்கிறது. முதலாளி பிருந்தாபன் என் மேசைக்கு வந்து, "அண்ணை, சுபாஷினிக்கு எழுதின மாதிரி இவனுக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்கிறார். ரோமனுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். அது வேறு கதை.

என் கேள்வி ஒன்றுதான். போகும்போது வேறு எங்காவது உங்கள் நிரல் வரிகளை விட்டுச் சென்றீர்களா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

இ. பொன்னம்பலம்


திருச்சி
2 டிசம்பர் 2024

திரு. பொன்னம்பலம் அவர்களுக்கு,

இல்லை. ஒரு வரிகூட இல்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். "ஒளிக்காமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் தொடர்கிறேன்.

உங்கள் அறிக்கை மூன்று பக்கம். நல்ல பிரெஞ்சு. அது காப்புறுதிக்காரர்களுக்குப் போனது, அதோடு நிற்கவில்லை. என் ஒப்பந்தம் முடிந்தது. என் தங்கும் அட்டை அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேறு வேலைக்கு இரண்டு இண்டர்வியூ போனேன், ஒன்று கிரெனோபிளில். இரண்டு இடத்திலிருந்தும் பிருந்தாபனுக்கு போன் செய்திருக்கிறார்கள். அவர் அறிக்கையை வாசித்துக் காட்டியிருக்கிறார். அட்டை காலாவதியானதும் ஓல்னேயில் இருந்த வீட்டை எட்டு நாளில் காலி செய்தேன். இப்போது ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பிரிண்டருக்கு மை மாற்றுகிறேன்.

நீங்கள் அறிக்கை எழுதுவதற்கு முன் நடந்த மீட்டிங்கில் நான் ஒன்றுதான் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? பிழைத் தாள் சொல்வது, பெட்டி எங்கே விழுந்தது என்பதை. யார் கெடுத்தார்கள் என்பதை அல்ல. என் பகுதிக்குச் சொந்தமான மெமரியில் வேறு யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு என் பகுதி வந்து அங்கே கால் வைத்து விழுந்தது. எழுதினவரைப் பிடிக்க பிராசசரிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்து வைத்தால், அந்த இடத்தில் யார் எழுதினாலும் அந்த நொடியிலேயே நிறுத்திப் பெயரைச் சொல்லும். அதன் பெயர் வாட்ச்பாயிண்ட், ஒரு காவல் புள்ளி. உங்கள் மேசையில் கிடந்த சர்க்யூட் பலகையில் அப்படி நான்கு இருக்கின்றன. நாலும் சும்மாதான் கிடந்தன. பலகையை ஒரே ஒரு நாள் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். "வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குத்தான் உந்தக் காவல் நாய் தேவை." மேசையைச் சுற்றி என்னைத் தவிர ஐந்து பேர். எல்லாரும் சிரித்தார்கள்.

சுபாஷினி


பாரிஸ்
20 டிசம்பர் 2024

சுபாஷினிக்கு,

சிரித்தது அவர்கள். நான் சிரிக்கவில்லை.

நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் வாங்கி, பக்கத்தில் பிரெஞ்சு அகராதியை வைத்துக்கொண்டு படித்தவன். எந்த வேலையிடத்திலும் பிழை வந்தால் முதலில் என் பக்கம்தான் பார்ப்பார்கள், சுவரில் மாட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை என்பதால். அதனால் மற்றவர்கள் ஒரு முறை வாசிப்பதை நான் நான்கு முறை வாசிப்பேன். அந்தப் பழக்கம்தான் என் சான்றிதழ். அதை நாய்க்குக் கொடுக்கச் சொன்னால் கோபம் வராதா?

இந்த மாதமும் வாசித்தேன். என் திரைப் பகுதி ஆயிரத்து நானூறு வரி, நான்கு முறை. பிழை இல்லை. ரோமனுடையதையும் வாசித்தேன். அவன் எழுதும் முறை எனக்குப் பிடிக்காது, ஆனால் அதிலும் பிழை இல்லை. அற்புதராணியின் கடைப் பெட்டியில் நடுநடுவே செய்தி அச்சடிக்கும் வரிகளைப் போட்டுப் பார்த்தேன். அவை இருந்தால் பெட்டி விழுவதில்லை, எடுத்தால் விழுகிறது. என்னோடு விளையாடுகிறது.

பெட்டி விழுந்த வாரம் எதையும் மாற்றவும் இல்லை. முதல் நட்டத்துக்குப் பிறகு அற்புதராணியின் திரையில் கடைப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. அவர் மறுபடி தமிழில் கேட்டார், நான் போய்ப் போட்டுக் கொடுத்தேன். முதலில் கடைப் பெயர், அடுத்து உரிமையாளர் பெயர். அது ஒரு மாற்றம் இல்லை. திரையில் தமிழ் காட்டும் பெட்டி இந்தப் பகுதியில் வேறு ஒருவரிடமும் இல்லை. தமிழ் காட்டும் அந்த வசதி, முதலில் யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. கடைக்கு வருகிற சனம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

உங்கள் காவலைப் போடப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் போடுவதாக இருந்தால், அறிந்து வைத்திருப்பதற்காகக் கேட்கிறேன், எந்த முகவரியில் போடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இ. பொன்னம்பலம்


திருச்சி
9 ஜனவரி 2025

பொன்னம்பலம் சார்,

"ஒருவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒருவருக்கு இது.

அச்சடிக்கும் வரிகளைச் சேர்த்தால் மெமரியில் எல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காரும். கெடுதல் வேறு இடத்தில், யாருக்கும் வலிக்காத இடத்தில் விழும். பெட்டி பிழைத்தது போலத் தெரியும். வாட்ச்பாயிண்ட் எதையும் தள்ளாது. அது மெமரியில் இல்லை, பிராசசருக்குள் இருக்கிறது. அதனால்தான் அதைக் கேட்டேன்.

பெட்டி தொடங்கும்போது ரோமனின் பகுதிக்கு கேர்னல் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கும். கொடுத்த அந்தக் கணத்திலேயே, அந்த இடத்தின் முதல் எட்டு பைட்டுக்குக் காவல் போடுங்கள். அடுத்த கணம்கூட தாமதம்தான். அதன் பிறகு அங்கே எழுதுகிற ஒவ்வொருவர் பெயரையும் பதியச் சொல்லுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

ஒரு நிபந்தனை. எந்தப் பெயர் வந்தாலும் அதே பெயரை எனக்கு எழுத வேண்டும்.

சுபாஷினி


பாரிஸ்
27 ஜனவரி 2025

சுபாஷினிக்கு,

போட்டேன். பதில் கிடைத்துவிட்டது. வேலைமேசையில் இருக்கும் சோதனைப் பெட்டியில் மூன்று நாள் ஓடவிட்டேன். தொடங்கிய சில நிமிடங்களில் காவல் ஏழு முறை குரைத்தது, பிறகு இல்லை. ஏழு முறையும் ரோமனின் பகுதியின் பெயர். வேறு ஒரு பெயரும் இல்லை.

நிபந்தனைப்படி எழுதிவிட்டேன். ஆக, முதலில் நீங்கள், இப்போது ரோமன். என் வாசிப்பு பிழைக்கவில்லை. இன்று காலை அறிக்கையைத் தொடங்கிவிட்டேன்.

இ. பொன்னம்பலம்


திருச்சி
10 பிப்ரவரி 2025
ஸ்பீட் போஸ்ட்

சார்,

அறிக்கை எழுதாதீர்கள். எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள்.

அந்த இடம் ரோமனுடையது. சொந்த வீட்டுக்குள் அவன் ஏழு முறை போய் வந்திருக்கிறான். அதில் என்ன குற்றம்? நாம் தேடுவது அந்த வீட்டுக்காரன் இல்லாத ஆளை. பெட்டி விழுந்ததா? மூன்று நாளில் விழவில்லை என்றால் திருடன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

உங்கள் சோதனைப் பெட்டியின் திரையில் என்ன பெயர் ஓடிக்கொண்டிருந்தது? நான் இருந்தபோது அதில் எப்போதும் "TEST" என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்துதான் இருக்கும். அற்புதராணி அக்கா கடையின் பெயரை, அங்கே போட்ட மாதிரியே தமிழில் போடுங்கள். அது ஒரு மாற்றம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெயர் தமிழில் இருந்தபோது விழுந்தது. பிரெஞ்சில் இருந்த இரண்டு வருஷமும் விழவில்லை. மறுபடி தமிழில் போட்டதும் விழுந்தது.

தயவுசெய்து.

சுபாஷினி


பாரிஸ்
24 மார்ச் 2025

பிள்ளை சுபாஷினி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம். இதை நான் மூன்றாம் நாளே எழுதியிருக்க வேண்டும்.

ரோமனைப் பற்றிய அறிக்கையைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, பெயரைப் போட்டேன். ரோமன் பக்கத்தில் நின்றான். ஏழு முறை அவனுடைய பெயர் வந்தது. பதினோராவது நிமிடத்தில் எட்டாவது வந்தது. "பெயர்_எழுது" என்றிருந்தது. என் பகுதிகளுக்கு நான் தமிழில்தான் பெயர் வைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் வேறு எவரும் அப்படி வைப்பதில்லை. ரோமன் திரையையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "அண்ணை, தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டான். 

நிபந்தனைப்படி எழுதுகிறேன். அந்தப் பெயர் நான்.

நடந்தது இது. திரையில் முப்பத்திரண்டு எழுத்து தெரியும். ஒரு தமிழ் எழுத்துக்குக் கணினி மூன்று பைட் எடுக்கும் என்று படித்திருந்தேன். முப்பத்திரண்டை மூன்றால் பெருக்கித் தொண்ணூற்றாறு பைட் இடம் கேட்டேன். பெயர் முப்பத்திரண்டு எழுத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரியும் வைத்தேன். அந்த வரியைத்தான் நான்கு முறை வாசித்து, சரி, சரி என்று விட்டேன்.

"குளிர் உணவுக் களஞ்சியசாலை அற்புதராணி." நீங்களும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இருபது எழுத்து, மூன்று இடைவெளி. கு ஒன்று, ளி ஒன்று, ர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எண்ணியது போல எண்ணினேன். என் நிரலும் என்னைப் போலவே எண்ணியது. கணினி அப்படி வைப்பதில்லை. அதற்குக் க வேறு, அதன் கீழே வரும் சுழி வேறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று. அப்படி முப்பத்துமூன்று துண்டு, ஒவ்வொரு பைட்டாக மூன்று இடைவெளி, ஆக அந்தப் பெயருக்கு வேண்டியது நூற்றிரண்டு. கடைசி ஆறு பைட்டும் என் இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் விழுந்தன. ஒரே அளவு இடம் கேட்பவர்களைக் கேர்னல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். உங்கள் பகுதியும் அதே அளவு கேட்டிருந்தது. என் பக்கத்தில் இருந்தீர்கள், அவ்வளவுதான் உங்கள் பிழை. ரோமனும் அப்படித்தான். சின்னப் பெயர் வைத்த கடைகளில் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வெள்ளைக்காரன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். அவனுக்கு எங்கள் எழுத்தை எண்ணத் தெரியாது. கணினியைக் கேட்டிருப்பான்.

பிருந்தாபனிடம் சொன்னேன். "அண்ணை, முடிஞ்ச கதையை ஏன் கிண்டுறியள்? காப்புறுதிக்காரன் பைலையும் மூடிப்போட்டான்" என்றார். நான் வைத்த கையெழுத்தை நானே எடுக்க வேண்டும் என்றேன். "உங்களுக்கு வயசு போட்டுது" என்றார். "ஓம், போட்டுது. அதாலதான் அவசரப்படுறன்" என்றேன். புதிய அறிக்கை எழுதிக் காப்புறுதிக்கு ஒன்று, கிரெனோபிளுக்கு ஒன்று, உங்களை நேர்முகத்துக்கு அழைத்த மற்ற இடத்துக்கு ஒன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிருந்தாபனின் மேசையில் ஒன்று வைத்தேன். அவர் இன்னும் திறக்கவில்லை. உங்கள் பிரதி இத்துடன்.

பியர்ஃபித்துக்கும் போனேன். அற்புதராணி மீன் வெட்டிக்கொண்டு நின்றார். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்தப் பிள்ளை இல்லையே?"

"இல்லை."

"நான் அவவைக் கடை வாசல்ல வச்சு, சனத்துக்கு முன்னாலை ஏசினனான் அண்ணை. நீங்கள் அறிக்கை தந்தபடியாத்தானே ஏசினனான்."

"ஓம்."

"பேரைத் தமிழிலை போடச் சொல்லி நானெல்லோ உங்களைக் கேட்டனான்?"

"கேட்டது நீங்கள். எண்ணினது நான்."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். அடுத்த மீனை வெட்டத் தொடங்கினார்.

ஒன்று மிச்சம். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே, யார் செய்தார், ஏன் செய்தார் என்று எழுதுவோம் அல்லவா? 2022 நவம்பரில் நான் எழுதியது அப்படியே இருக்கிறது. "சுபாஷினியின் பிழையான பகுதி நீக்கப்பட்டது." அதை அழிக்க இரண்டு நாள் பார்த்தேன். அழித்தால் அதற்கு மேல் கட்டிய எல்லாம் குலையும். அழிக்க முடியாது. அதனால் நேற்றுத் திருத்தத்தைப் போட்டு, மேலே இப்படி எழுதினேன். "பிழையைப் புகுத்தியவர் பொன்னம்பலம். கண்டுபிடித்தவர் சுபாஷினி." இனி யார் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கீழே போனால் மற்றதையும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இ. பொன்னம்பலம்


திருச்சி
19 ஏப்ரல் 2025

அண்ணை,

மேலே அப்படி எழுதியது கைப்பழக்கம். அதை வைத்து எதுவும் நினைக்க வேண்டாம். மூன்று வருஷம் அங்கே எல்லாரையும் போல நானும் உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன். திருச்சிக்காரி அண்ணை என்று கூப்பிட்டால் அற்புதராணி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் பழைய நோட்டை எடுத்தேன். மீட்டிங்கில் மேசை நடுவில் கிடந்த பிழைத் தாளில், என் பகுதி கால் வைத்து விழுந்த எண் ஒன்று இருந்தது. அதை அன்றே எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு என்னோடு விமானத்தில் வந்தது. எத்தனையோ நாள் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

ff00bfaee0a3aee0.

கணினி எண்ணைப் பின்னாலிருந்து முன்னால் வைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியிலிருந்து இரண்டிரண்டாக வாசியுங்கள். e0 ae a3. அது ண. அடுத்தது e0 ae bf. அது ணவின் மேலே வரும் வளைவு. ணி. அற்புதராணியின் ணி. நீங்கள் சொன்ன அந்த ஆறு பைட் அதுதான்.

அந்த எண்ணில் இருந்தது தமிழ், அண்ணை. மேசையைச் சுற்றி ஆறு தமிழர்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வாசிக்கவில்லை. நானும்தான். இதில் உங்களை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. இரண்டு வருஷம் பையில் வைத்திருந்தவள் நான்.

கிரெனோபிளிலிருந்து மெயில் வந்தது. அறிக்கை கிடைத்தது, வருந்துகிறோம், அந்த இடத்துக்கு அப்போதே வேறு ஆள் எடுத்துவிட்டோம் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் திரும்பி வரப்போவதில்லை. முதலிலிருந்து அட்டைக்கு அலைய என்னால் முடியாது. இங்கே ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உங்கள் தாளைச் சேர்த்து வைத்தேன், அதற்கு அது உதவும்.

நீங்கள் எல்லாம் எழுதியிருந்தீர்கள். எத்தனை பைட், எந்த வரி, யார் என்ன சொன்னார்கள், அற்புதராணி அக்கா கையில் கத்தி இருந்ததுவரை. நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒன்றுதான் அதில் இல்லை. உங்களைப் போல நானும் நான்கு முறை வாசிக்கலாம் என்று பார்த்தேன். மூன்றாவது முறை மடித்து வைத்துவிட்டேன்.

சுபாஷினி


பாரிஸ்
6 மே 2025

பிள்ளை,

நீங்கள் கேட்டது ஒரு நாள். பலகை என் மேசையில் சும்மா கிடந்தது. நான் தரவில்லை.

பதினொரு நிமிடம்தான் எடுத்தது.

என்னை மன்னியுங்கோ.

பொன்னம்பலம்